ஒலிபெருக்கிக்குள் இருந்த நிவெஸ்

என் தங்கை நிவெஸுக்குக் கண்கள் என்றால் பயம். அவளுடைய கண்கள் அல்ல, மற்றவர்களுடையவை. சிலருக்குப் பல்லியைக் கண்டால் உடம்பு கூசும், சிலருக்கு இடிச்சத்தம் ஆகாது. இவளை யாராவது சேர்ந்தாற்போல் இரண்டு நொடி பார்த்துவிட்டால் போதும், கழுத்தில் சிவப்புத் திட்டுகள் ஏறும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ரொட்டிக் கடைக்குப் போனால் வரிசையில் கடைசி ஆளாக நிற்பாள். பின்னால் இன்னொருவர் வந்துவிட்டால் "நீங்க முன்னால போங்க" என்று வழிவிட்டு விட்டு, கடை சாத்தும்போது மிஞ்சிய காய்ந்த ரொட்டியோடு வீட்டுக்கு வருவாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஏன் இப்படி என்று கேட்காதீர்கள். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒன்றும் கிடையாது. தொட்டிலில் கிடந்தபோதே முகத்தைத் துணிக்குள் புதைத்துக்கொண்டுதான் கிடந்தாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஆண்டவன் கொடுத்த வேலையைப் பாருங்கள். இத்தாலியில் எங்கள் ரொமான்யா கடற்கரை நெடுக, குடை வரிசைகளுக்கு நடுவே நிற்கும் கம்பங்களில் ஒலிபெருக்கிகள் தொங்குகின்றனவே, அவற்றில் பேசுவது. கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் அவளுக்கு ஒரு சின்ன அறை. ஒரு மைக், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு டெலிபோன். கடலைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு, அதன் மரப்பலகைகளை அவள் ஒருநாளும் திறந்ததில்லை. காலையில் வானிலை சொல்வாள், பிறகு விளம்பரங்கள், நடுவே பாட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, காணாமல்போன பிள்ளைகள். எங்கள் கரையில் ஒரு கோடையில் தொலைந்துபோகும் பிள்ளைகளை வைத்து ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம். டிங்-டாங் என்று மணி அடிக்கும். "கவனிக்கவும், தயவுசெய்து கவனிக்கவும்" என்பாள். வயது, நீச்சலுடையின் நிறம், பெயர், எந்தக் குளியல் பிரிவில் பெற்றோர் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் குரலில் பதறாமல் வரும். அதைக் கேட்டால் தொலைத்த தாய்க்கே பாதி உயிர் திரும்பிவிடும்.

பன்னிரண்டு கோடைகள் அப்படிப் போயின. பொலோன்யாவிலிருந்தும் மிலானிலிருந்தும் வரும் குடும்பங்களுக்கு அவள் குரல், கடல் வாசனை மாதிரி, விடுமுறையின் ஒரு பகுதி. அவள் முகம் யாருக்கும் தெரியாது. அவளும் அப்படியே செத்துப்போகலாம் என்று நிம்மதியாக இருந்தாள்.

என் மகள் காத்யாவுக்கு மட்டும் சித்தி ஒலிபெருக்கிக்குள்தான் குடியிருக்கிறாள். நாலு வயதுக் குழந்தைக்கு வேறு எப்படித் தோன்றும்? நாற்பத்தொன்றாம் பிரிவில் குடைகளுக்குப் பின்னால் என் பியாதினா ரொட்டிக் கடை. நான் கல்லில் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும்போது காத்யா போய்க் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பேசுவாள்.

"சித்தி, நான் பீச் பழம் தின்னேன். கொட்டைய முழுங்கல."

மேலே இருந்து ஒரு சோப்பு விளம்பரம் வரும். காத்யா தலையாட்டிக்கொண்டு திரும்பி வருவாள். சித்தி பதில் சொல்லிவிட்டாளாம்.

இந்த அமைதியைக் கெடுக்க ஓரியானோ வந்து சேர்ந்தான்.

ஓரியானோ அக்கார்டியன்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் வால்ட்ஸ் வாசித்தே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். மகன் ஒருநாள் வீட்டுக் காரை விற்று, பொத்தான்களும் கம்பிகளுமாக ஒரு சிந்தசைசரை வாங்கி வந்தான். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது எந்தப் பக்கம்டா மூச்சு விடும்?" என்று கேட்டாராம். அதன்பிறகு ஒரு வருஷம் மகனோடு பேசவில்லை. அவன் பழைய கோழிக் கொட்டகையை ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்டான். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவார்களே, அதற்கு அவன் வெளியே அலைய வேண்டியதே இல்லை.

எண்பத்து நான்காம் வருஷம், ஈஸ்டர் முடிந்த கையோடு, நிவெஸின் அறைக் கதவை அவன் தட்டினான். கடை திறக்கும் முன் அவளுக்குக் காப்பி கொண்டுபோயிருந்தேன், உள்ளேதான் இருந்தேன். நிவெஸ் கதவுக்கு முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டாள், கொள்ளைக்காரன் வந்தது போல.

"சிஞ்ஞோரினா, கதவத் தொறக்க வேண்டாம்" என்றது வெளியே குரல். "நான் உங்களப் பாக்க வரல. நீங்க பேசறதக் கேக்கத்தான் வந்தேன். மூணு கோடையா கேட்டுட்டு இருக்கேன். ஒரு பாட்டு பண்ணியிருக்கேன். ஒரு மிஷின் ஒரு மனுஷன் மேல ஆசப்படுது, அதான் பாட்டு. அதுக்கு ஒரு குரல் வேணும்."

நிவெஸ் என்னைப் பார்த்தாள். நான், "கழுத வந்து பாட்டுப் பாடச் சொல்லுது, பதிலாவது சொல்லுடீ" என்று கிசுகிசுத்தேன்.

"என்னால ஆள் முன்னாடி பாட முடியாது" என்றாள் கதவைப் பார்த்து.

"ஆளே இருக்காது. நடுவுல ஒரு போர்வ தொங்கும். பாடுறது நீங்கன்னு யாருக்கும் தெரியாது. உங்க குரல மிஷின் குரலா மாத்துற பொட்டி எங்கிட்ட இருக்கு. மேடைல வேற பொண்ணு வாயசைப்பா."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். பாடுவது ஒருத்தி, மினுங்கும் உடை போட்டுக்கொண்டு டிஸ்கோவில் வாயசைப்பது இன்னொருத்தி. ரெக்கார்டு அட்டையில் ஒரு இங்கிலீஷ் பெயர். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. நிவெஸுக்கோ அது கடவுளே தனக்காக ஏற்படுத்திய வழக்கம் போலத் தோன்றியிருக்க வேண்டும். முகம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று அவளிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. போனாள். போர்வைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது, காரணமே இல்லாமல் சிரித்தாள். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

பாட்டின் பெயர் "டோன்ட் ஸ்விட்ச் மீ". கடைசியில் "ஆஃப்" என்று இன்னொரு சொல் வந்தால்தான் இங்கிலீஷ் சரியாக இருக்கும் என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சொன்னார். அட்டையில் இடம் இல்லை என்றான் ஓரியானோ. மேடைக்கு, ஃபோர்லிம்போபோலி ஊரில் முடிதிருத்தும் மரூஸ்கா, அலுமினியத் தாளில் தைத்த சட்டையோடு, அட்டையில் போட்ட கெல்லி வோல்ட் ஆகிவிட்டாள். தங்கமான பெண். இயந்திர டிரம் தும்தும்மென்று இதயம் போல அடிக்கும், அதன்மேல் சிந்தசைசர் ஏறி இறங்கும், நிவெஸின் குரல் தகரமும் தேனுமாகக் கலந்து வரும். "என் கம்பிகளில் உன் பெயர் ஓடுகிறது, என்னை நிறுத்திவிடாதே" என்று அர்த்தம் வரும் இங்கிலீஷ். நல்ல பாட்டு. இன்றைக்கும் சொல்வேன், அது நல்ல பாட்டு.

ஆனால் அதன் தொடக்கம் வேறு. ஓரியானோ ஒரு காகிதத்தில் எழுதிக்கொடுத்து, பெட்டியில் போடாமல், வெறுங்குரலில் அவளைப் படிக்கவைத்திருந்தான். டிங்-டாங். "கவனிக்கவும், தயவுசெய்து கவனிக்கவும். இது விளையாட்டு அல்ல. கடற்கரையில் ஓர் இதயம் காணாமல் போயிருக்கிறது. வயது இருபது. நிறம் சிவப்பு. கண்டெடுத்தவர் அருகிலுள்ள இயந்திரத்திடம் ஒப்படைக்கவும்." உடனே நாலைந்து ஆண்கள் கோரஸாக, "எங்கிட்ட இருக்கு!" என்று கத்துவார்கள். அப்புறம்தான் டிரம் விழும்.

ரெக்கார்டு கைக்கு வந்த அன்று நிவெஸ் என் கடைப் பின்புறம் வந்து உட்கார்ந்தாள்.

"வில்மா, இது நான் தெனமும் சொல்றது."

"அதுக்கென்ன? அழகாத்தானே இருக்கு."

"நாளைக்கு நெஜமாவே ஒரு புள்ள தொலைஞ்சா?"

"அப்பவும் சொல்லு. உன் வேலையே அதானே."

அவள் சிரிக்கவில்லை. "எனக்குப் பயமா இருக்கு" என்றாள். எதற்குத்தான் அவளுக்குப் பயம் இல்லை என்று நான் வெங்காயத்தை நறுக்கப் போய்விட்டேன்.

ஜூலையில் கரை முழுக்க அந்தப் பாட்டுத்தான். ஐஸ்கிரீம் கடையில், பெடல் படகில், ஞாயிறு பிற்பகலில் சிறுசுகள் போகும் டிஸ்கோவில் எல்லாம். கேட்பவர்கள் அதிகமாகிவிட, ஒலிபெருக்கி முதலாளி மணிக்கு ஒருதரம் போடச் சொல்லிவிட்டார். ஆக, தன் பாட்டைத் தானே ஊசி வைத்து ஓட்ட வேண்டிய நிலை நிவெஸுக்கு. பாட்டு தொடங்கியதும் கரையில் உள்ள ஆண்பிள்ளைகள் எல்லாம் குடைக்கடியில் இருந்து, தண்ணீருக்குள் இருந்து, "எங்கிட்ட இருக்கு!" என்று கத்துவார்கள். அந்தக் கோடையில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. தாத்தாக்கள்கூடக் கத்தினார்கள்.

ஒருநாள் உண்மையான அறிவிப்பு ஒன்றுக்கும் கத்தினார்கள். மிலான்காரர்களின் மகன், அரை மணியில் தானாகவே திரும்பி வந்துவிட்டான். யாருக்கும் அது பெரிதாகப்படவில்லை. நிவெஸுக்கு அன்றிரவு காய்ச்சல். மறுநாள் முதலாளியிடம் பாட்டை நிறுத்தச் சொல்லப் போகிறேன் என்று கிளம்பி, அவர் அறைவாசல்வரை போய், அவர் நிமிர்ந்து பார்த்ததும், "ஜன்னல் தாழ்ப்பாள் இறுகிப்போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். ரெக்கார்டை ஒளித்துவைத்தாள். அவர் இன்னும் இரண்டு வாங்கி வந்தார்.

பிறகு ஃபெர்ரகோஸ்தோ வந்தது. ஆகஸ்டு பதினைந்து. இத்தாலி முழுக்க வேலையைப் போட்டுவிட்டுக் கடலுக்கு வரும் நாள். மணல் கண்ணுக்குத் தெரியாது, குடைக்குக் குடை இடிக்கும். தர்பூசணியும் ஒயினும் காலையிலேயே தொடங்கிவிடும். என் கணவர் ஓட்டல் சமையலறையில் மாட்டிக்கொண்டார். கடையில் நான் ஒருத்தி, எதிரே முண்டியடிக்கும் கூட்டம். காத்யா மஞ்சள் நீச்சலுடையில், என் காலடியில் தண்ணீர் பாட்டில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். ஒருவருக்கு நாலு பியாதினா சுற்றிக் கொடுத்துவிட்டுக் குனிந்தேன். பெட்டி மட்டும் இருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. கம்பத்தடியில் நின்று கதை பேசிக்கொண்டிருப்பாள், இழுத்து வந்து இரண்டு வைக்கலாம் என்று போனேன். கம்பத்தடியில் இல்லை. கழிப்பறை வரிசையில் இல்லை. ஊஞ்சலில் இல்லை. திரும்பிக் கடலைப் பார்த்தேன். தண்ணீரில் நூறு தலைகள், இருநூறு தலைகள். எந்தத் தலையும் சின்னதாக இல்லை. கையில் இன்னும் சட்டுவம் இருந்ததுகூடத் தெரியாமல் ஓடினேன்.

எங்கள் பிரிவின் உயிர்காவலர் செகோந்தோ, முப்பது வருஷமாக அந்தக் காவல் மேடையில் உட்கார்ந்திருப்பவர். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"எப்ப?"

"இப்பத்தான். தெரியல. செகோந்தோ, எம்புள்ள..."

"அழாத. பதினோரு மணி வெயிலு. புள்ளைங்க வெயிலுக்கு மொகத்தக் காட்டி நடக்காது, முதுகக் காட்டித்தான் நடக்கும். வடக்க, ராவென்னா பக்கம் போயிருப்பா. கூட்டம் பாத்தியா, நான் ஒருத்தன் ஓடிப் பிரயோஜனம் இல்ல. சனங்க கண்ணத் தொறக்கணும்."

மேடையடியில் இருந்த டெலிபோனை எடுத்து நிவெஸிடம் சொன்னார். சொல்லி வைத்துவிட்டு, படகைத் தண்ணீருக்குத் தள்ளினார். ராவென்னா பக்கம் என்று சொன்ன மனிதர் எதற்காகத் தண்ணீருக்குள் போகிறார்? நான் கேட்கவில்லை. அவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. நின்றுகொண்டே துடுப்புப் போட்டபடி, படகின் இரு பக்கமும் அடியில் பார்த்துக்கொண்டே போனார்.

டிங்-டாங்.

"கவனிக்கவும், தயவுசெய்து கவனிக்கவும்..."

அவள் குரல் நடுங்கவில்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த சொல் வருவதற்குள் கரை முழுக்க ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. அதற்குச் சற்று முன்புதான் அந்தப் பாட்டு ஓடி முடிந்திருந்தது. ஃபெர்ரகோஸ்தோ உற்சாகம் வேறு. மீண்டும் பாட்டு வருகிறது என்று கைதட்டினார்கள். "எங்கிட்ட இருக்கு!" இடமிருந்து ஒருவன், வலமிருந்து பத்துப் பேர், தண்ணீருக்குள்ளிருந்து இளவட்டங்கள். "எங்கிட்ட இருக்கு! எங்கிட்ட இருக்கு!" காத்யாவின் வயதும் மஞ்சள் உடையும் பெயரும் அந்த இரைச்சலுக்கடியில் போய்விட்டன.

எனக்கோ அது பாட்டு என்பதே மறந்துவிட்டது. புள்ளையைத் தொலைத்தவளிடம் ஒருவன் எங்கிட்ட இருக்கு என்றால் அவள் என்ன செய்வாள்? ஓடினேன். நீலக் குடைக்கடியில் தொப்பை தெரிய உட்கார்ந்திருந்த பொலோன்யாக்காரன் ஒருவனின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"எங்க? காட்டு! எங்க வெச்சிருக்க?"

"இதோ, இங்கதான் இருக்கு!" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டிச் சிரித்தான். அவன் மனைவியும் சிரித்தாள். பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தாள், கையில் இருந்த சட்டுவத்தைப் பார்த்தாள், சிரிப்பு அப்படியே நின்றது. அதற்குள் பின்னால் இன்னொருவன் கத்தினான். நான் அங்கேயும் ஓடினேன். விளையாட்டுக்குக் கத்துகிறார்கள் என்று அறிந்தும் ஓடினேன். ஒருவேளை இவன் உண்மையாகவே சொல்கிறானோ என்று ஒவ்வொரு குரலுக்கும் திரும்பினேன். ஈன்றவளை இப்படியா அலைக்கழிப்பார்கள்!

டிங்-டாங் இல்லாமல் மறுபடி நிவெஸ்.

"இது பாட்டு இல்லை. தயவுசெய்து கேளுங்கள். இது விளையாட்டு அல்ல..."

அதுவும் பாட்டில் இருந்த வரிதான், பாவி! கரை அதைச் சேர்ந்தே சொன்னது. "இது விளையாட்டு அல்ல!" சில பெண்கள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கியில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு டக்கென்று ஒரு சத்தம், மைக்கை அணைத்துவிட்டாள்.

விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். நான் மணலில் உட்கார்ந்தேன். தண்ணீரில் செகோந்தோ குனிந்து ஓரிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது கடற்கரைச் சாலையில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. நீளப் பாவாடை, முழுக்கைச் சட்டை. ஆகஸ்டு மாதத்தில் எங்கள் கரையில் அவ்வளவு வெளுத்த உடம்பை நீங்கள் பார்த்திருக்க முடியாது, மாவு மூட்டைக்குள்ளிருந்து எழுந்து வந்தது போல. ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, விரல் இடுக்கால் வழி பார்த்து, குடைக்கயிறுகளில் தடுக்கித் தடுக்கி வந்தாள். அது என் தங்கை என்று எனக்கே உடனே பிடிபடவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் அவளை நான் பார்த்ததே இல்லை.

செகோந்தோவின் காவல் மேடையில் ஏறினாள். மேலே நின்று முகத்திலிருந்து கையை எடுத்தாள். ஆயிரம் கண்கள் திரும்பின. கழுத்தில் திட்டுகள் ஏறுவது எனக்குக் கீழிருந்தே தெரிந்தது. வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மூடினாள். மறுபடி திறந்தாள். யாரோ ஒருவன் விசில் அடித்தான்.

"வாய மூடுங்கடா, கழுதைங்களா! புள்ளையக் காணோம்டா!"

எங்கள் மீனவத் தெருப் பேச்சு. அம்மா கேட்டிருந்தால் அறைந்திருப்பாள். ஆனால் குரல் அந்தக் குரல்தான். பன்னிரண்டு வருஷமாகத் தயவுசெய்து என்று மட்டுமே சொல்லிப் பழகிய அந்தக் குரல், பெட்டி இல்லாமல், கம்பி இல்லாமல், ஒரு தொண்டையிலிருந்து வந்தது. பக்கத்துக் குடைகள் அடங்கின. அடுத்த வரிசை அடங்கியது. அந்த அமைதி கரை நெடுக நகர்ந்து போவதை நான் பார்த்தேன், காதால் அல்ல, கண்ணால். ஆடியவர்கள் நின்றார்கள். தண்ணீரில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"காத்யா! நாலு வயசு! மஞ்சத் துணி! ராவென்னா பக்கம் போயிருக்கா! பக்கத்துல உள்ளவங்களுக்குச் சொல்லுங்க! சொல்லிட்டே போங்க!"

சொன்னார்கள். நீலக் குடைக்காரன்தான் முதலில் எழுந்தான். தன் பக்கத்துக் குடைக்குச் சொன்னான், அது அடுத்ததற்குச் சொன்னது. "காத்யா, நாலு வயசு, மஞ்சத் துணி." வாயிலிருந்து வாய்க்கு அந்தச் சொற்கள் வடக்கே போய்க்கொண்டே இருந்தன, பிறகு கேட்கவில்லை. அப்புறம் எதுவுமே கேட்கவில்லை. எங்கள் கரையில் ஃபெர்ரகோஸ்தோ அன்று கடல் அலைச் சத்தம் கேட்டது அந்த ஒருநாள்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது இன்னும் முடியவில்லை என்று சில சமயம் தோன்றும்.

பிறகு வடக்கிலிருந்து ஏதோ திரும்பி வந்தது. முதலில் முணுமுணுப்பு. அப்புறம் சொல். ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்ல, யாரும் சிரிக்காமல், நீலக் குடைக்காரன்வரை வந்து சேர்ந்தது. அவன் கண்கள் கலங்கியிருந்தன. என்னிடம் அதைச் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"சிஞ்ஞோரா... எங்கிட்ட இருக்குன்னு சொல்றாங்க."

நான் நம்பவில்லை. அவன் கையைப் பிடித்து, "மறுபடி சொல்லு" என்றேன். சொன்னான். நிவெஸ் மேடையிலிருந்து எப்படி இறங்கினாள் என்று தெரியாது, எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். கரை இரண்டாகப் பிரிந்து எங்களுக்கு வழிவிட்டது.

ஐம்பத்தெட்டாம் பிரிவில், ஒலிபெருக்கிக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு காத்யா உட்கார்ந்திருந்தாள். ஒரு ஜெர்மன்காரி அவள் தலைக்குத் துண்டால் நிழல் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு இழுத்தும் கம்பத்தை விடவில்லையாம். என்னைக் கண்டதும் அழவில்லை. கோபமாக இருந்தாள். அதுவும் என்மேல் இல்லை, சித்திமேல்.

"நீ கூப்ட்ட. எம்பேரு சொல்லிக் கூப்ட்ட. நான் இங்க இருக்கேன், இங்க இருக்கேன்னு சொல்லிட்டே இருந்தேன். உனக்குக் கேக்கவே இல்ல."

நிவெஸ் மணலில் உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் முந்நூறு பேர் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். ஓரியானோ வந்து, வழக்கம்போல் மூடிய கதவுக்கு வெளியே நின்றான். அதற்குள் அவன் எல்லா ரேடியோ நிலையங்களுக்கும் போன் போட்டு, பாட்டின் தொடக்கத்தை வெட்டச் சொல்லியிருந்தான். சிலர் வெட்டினார்கள். தொடக்கம் போனதும் பாட்டும் செப்டம்பருக்குள் செத்துப்போயிற்று.

"சிஞ்ஞோரினா, உங்க குரல் இல்லாட்டி எனக்கு ஒண்ணுமே இல்ல. அது எல்லாரும் கேக்கணும்னு ஆசப்பட்டேன். இப்படி ஆகும்னு..." என்று கதவிடம் அழுதான்.

"உள்ள வா" என்றாள் நிவெஸ். "மொகத்தப் பாத்துப் பேசு. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அடுத்த வசந்தத்தில் அவர்கள் கல்யாணத்துக்கு அவன் அப்பா அக்கார்டியன் வாசித்தார். மணப்பெண் கழுத்தெல்லாம் சிவப்புத் திட்டு. பயம் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை, அது போகவே இல்லை. இப்போதும் ரொட்டிக் கடையில் கடைசியாகத்தான் நிற்கிறாள்.

வேலையை மட்டும் விடவில்லை. ஓய்வு பெறும்வரை அந்த மாடி அறையில்தான் இருந்தாள். ஆனால் அந்த ஆகஸ்டுக்குப் பிறகு ஜன்னல் பலகைகள் கோடை முழுக்கத் திறந்தே கிடந்தன. சாலையில் போகிறவர்கள் அண்ணாந்தால் அவள் முகம் தெரியும். பிள்ளை தொலைந்த அறிவிப்பைப் படித்து முடித்ததும், உடனே பாட்டைப் போடமாட்டாள். மைக்கை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் வந்து, கழுத்தை நீட்டி, கரைப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். விளம்பர நேரம் வீணாகிறது என்று முதலாளி கத்துவார். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

"அங்கேர்ந்து ஒண்ணும் கேக்காதுடீ" என்று நானே ஒருமுறை சொன்னேன்.

"கேக்காது" என்றாள். "அதுக்காக, கூப்ட்டுட்டுப் போயிட முடியுமா?"